கடற்கரைப் பாட்டின் மாறிய ஓசை

நாட்டுப் பாடல் என்ற சொல்லைக் கேட்டவுடன் கற்றோர் உள்ளத்தில் தோன்றுவன வயலும் வரப்பும், ஏற்றமும் நாற்றங்காலுமே ஆகும். பட்டினத்துக்கு நாட்டுப் பாடல் ஏது என வினவுவோரும் உளர். அவ்வினாவிற்குச் சென்னையின் கடற்கரையே விடை கூறும். 1639இல் ஆங்கிலேயர் இக்கரையில் நிலம் பெற்றுக் கோட்டை எழுப்புமுன்னரே இங்குக் கட்டுமரம் தள்ளி மீன் பிடித்து வாழ்ந்த மக்கள் இருந்தனர். பட்டினம் வளர்ந்தபோது அவர்தம் ஊர்கள் அதன் நடுவே அகப்பட்டுக் கொண்டன. ஊர் என்னும் பெயர் போய்க் குப்பம் என்னும் பெயர் மட்டும் நிலைத்தது.

அவற்றுள் ஒன்றையே ஈண்டு எடுத்துக் கொள்கிறோம். அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் தென்கரையில் ஊரூர் ஒல்காட் குப்பம் உள்ளது. ஊரூர் என்பது பழைய சிற்றூரின் பெயர். ஒல்காட் என்பது, 1882இல் அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைமையிடத்தை அமைத்த கர்னல் ஒல்காட்டின் பெயர். அருகே சபையின் பெருந்தோட்டம்; மற்றொரு பக்கம், 1970களில் வளரத் தொடங்கிய பெசன்ட் நகர் என்னும் குடியிருப்பு. இவ்விரண்டிற்கும் கடலுக்கும் இடையில் மீனவர் வீடுகளும், அவர்தம் எல்லையம்மன் கோயிலும், வலை காயும் மணலும் உள்ளன.

இக்கரையின் பாட்டு எது? அது எவ்வாறு ஒலித்தது? இன்று எவ்வாறு ஒலிக்கிறது? பழைய ஓசை மாறியதைக் கேடு என்பதா, வளர்ச்சி என்பதா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் கேட்ட ஓசை

தமிழிலக்கணம் நிலத்தையும் இசையையும் பிரித்துப் பார்த்ததில்லை. தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளைக் கூறுமிடத்துப் பறையையும் யாழையும் சேர்த்தே கூறுகின்றார். பின்வந்தோர் நெய்தலுக்கு விளரி யாழையும் செவ்வழிப் பண்ணையும் உரியவாக்கினர். மீன்கோட்பறை என்று ஒரு பறையையும் குறித்தனர். மீன் பிடிக்கும் தொழிலுக்கென்றே ஒரு பறை இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. தொழிலும் ஓசையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதை அப்பெயரே புலப்படுத்துகின்றது.

சிலப்பதிகாரத்தின் கானல்வரியை இவ்விடத்து எண்ணிப் பார்க்கலாம். புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடுவதாக இளங்கோவடிகள் அமைத்த பகுதி அது. அதன் அடியில் பரதவர் வாழ்வு உள்ளது. வலையும் மீனுணங்கலும் புன்னையும் மணலும் உள்ளன. ஆயினும் பாடுவோர் பரதவர் அல்லர். ஒருவன் பெருவணிகன் மகன். மற்றவள் அரசவை ஏறிய ஆடல் மகள். கடற்கரை மக்களின் வரிப்பாட்டு யாழுக்கு ஏறிக் காப்பியத்தில் இடம் பெற்றுவிட்டது. ஏறியபோது அதன் நடை செம்மைப்பட்டது; தொழிலின் மூச்சு நின்றது. நாட்டுப் பாடல் தன் பழைய ஓசையை விட்டு மாறுதல் நம் காலத்துப் புதுமை அன்று என்பதற்குக் கானல்வரியைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை.

அக்காப்பியம் கானல்வரியைக் காத்தது. ஆனால் அன்று வலை இழுத்தவர் பாடிய பாட்டு யாது என்பதை நமக்குச் சொல்லவில்லை. அடிகளைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. ஒரு பாட்டு உயர்ந்த அவைக்குச் செல்லும்போது எது உடன் செல்கின்றது, எது கரையிலேயே தங்கிவிடுகின்றது என்பதைப் பின்னர் ஆராய வேண்டியிருக்கின்றது, அதற்காகவே கூறினோம்.

வேலையில் பிறந்த பாட்டு

தமிழகக் கடற்கரையிலும் ஈழத்துக் கடற்கரையிலும் மீனவர் பாடும் தொழிற்பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஏலேலோ என்றும் ஐலசா என்றும் இடையிடையே வரும் ஒலிகளைக் கேளாத தமிழர் இரார். ஒருவர் முன்னே ஓரடி பாடுவார். ஏனையோர் ஒரே குரலில் விடை கொடுப்பர். முன்பாட்டு வரும்போது கை ஓய்கின்றது, மூச்சு உள்ளே செல்கின்றது. பின்பாட்டு எழும்போது கை இழுக்கின்றது, மூச்சு வெளியே வருகின்றது. தாளத்தைக் காட்டுவதற்குக் கருவி வேண்டியதில்லை. தண்ணீரை வெட்டும் துடுப்பும், மணலில் பதியும் காலும், கையில் ஓடும் கயிறுமே தாளம்.

கரைவலை இழுப்போரை எண்ணிப் பாருங்கள். வலையின் இரு கயிறுகளையும் இரு பக்கத்தும் பலர் பிடித்து, நெடுநேரம் பின்னடி வைத்து இழுப்பர். ஒருவர் முந்தினாலும் ஒருவர் பிந்தினாலும் விசை சிதறும். அங்கே பாட்டு பொழுதுபோக்கு அன்று. அது வேலைக் கருவி. வலை கனத்தால் பாட்டின் காலம் தளரும். கரை நெருங்க நெருங்க அது விரையும். வலை வந்து சேரும் வரை பாட்டு நீளும், சேர்ந்தவுடன் நின்றுவிடும். எனவே அதற்குக் குறித்த தொடக்கமும் முடிவும் இல்லை. முன்பாடுபவர் தெய்வத்தை அழைப்பார், காற்றைப் பழிப்பார், வலையில் வந்த மீனைப் பாடுவார், எதிரே நிற்கும் மீன் வணிகரையும் கிண்டல் செய்வார். சொற்கள் அன்றன்றைக்கு மாறும். அடியின் அளவு மட்டும் மாறாது. அவ்வளவை விதித்தவர் யாப்பிலக்கணப் புலவர் அல்லர். மனிதனின் மூச்சே விதித்தது. அலையோசைக்கும் காற்றுக்கும் மேலே கேட்க வேண்டியிருந்தமையால் குரல் உச்சத்தில் திறந்து ஒலித்தது. நுணுக்கமான கமகங்களுக்கு அங்கே இடமும் இல்லை, தேவையும் இல்லை.

அரபு இலக்கியம் பயின்றோர்க்கு இது புதிய செய்தி அன்று. அரபியரின் மிகப் பழைய பாட்டாகக் கூறப்படுவது ‘ஹுதா’ என்னும் ஒட்டகப் பாட்டேயாகும். முளர் என்பார் ஒட்டகத்திலிருந்து வீழ்ந்து கை முறிந்து, ஐயோ என் கையே என்று அரற்றினாராம்; அவ்வினிய குரலைக் கேட்ட ஒட்டகங்கள் சீராக விரைந்தனவாம். இக்கதையை வரலாற்றாசிரியர் மஸ்ஊதி பதிவு செய்துள்ளார். கதை உண்மையோ அன்றோ, அதன் கருத்து உண்மையானது: பாட்டின் பிறப்பிடம் உழைப்பும் வழிநடையும் என்பதே அது. ‘ரஜஸ்’ என்னும் யாப்பும் ஒட்டக நடையை ஒட்டியது என்பர். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் மதீனாவைச் சுற்றி அகழி தோண்டியபோது நபித்தோழர்கள் மண் சுமந்துகொண்டே ரஜஸ் பாடிய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. பாலைவனத்து ஒட்டகக்காரனும் வங்கக் கடலின் வலைஞனும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் ஒரே தேவை இருவர்க்கும் ஒரே வகைப் பாட்டைத் தந்தது.

விசைப்பொறி வந்தபின்

இத்தகைய பாட்டை மாற்றியவர் எந்தப் பாடகரும் அல்லர். அதனை மாற்றியவை வலையும் படகும் பொறியும் ஆகும்.

முதலில் வலை மாறியது. பருத்தி நூல் வலை கனமானது. நனைந்தால் மேலும் கனக்கும். அதனைக் கடலிலிருந்து வந்தவுடன் காய வைக்க வேண்டும், இல்லையேல் மட்கிவிடும். நைலான் வலை வந்தபோது அக்கனமும் அவ்வேலையும் குறைந்தன. பலர் கூடி உட்கார்ந்து பார்த்த பணி சிலர் பார்க்கும் பணியாயிற்று. கூடி உட்காரும் நேரம் குறைந்த இடத்தில் பாட்டும் குறைந்தது.

அடுத்துப் படகு மாறியது. 1953இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய நார்வேத் திட்டம் நம் நாட்டு மீன்பிடித் தொழிலில் விசைப்படகுக்கு வழி திறந்தது. 1979இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் வங்காள விரிகுடாத் திட்டத்தைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. துறைமுகம் இல்லாத திறந்த கரையில் அலையைத் தாண்டி ஏறி இறங்கும் படகுகளை அமைத்துப் பார்ப்பது அத்திட்டத்தின் பணிகளுள் ஒன்று. கண்ணாடி இழைப் படகும் அதன் பின்புறத்தில் மாட்டும் வெளிப்பொறியும் மெல்ல மெல்லப் பரவின. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து கட்டுமரங்களை அடித்துச் சென்றது. துயர் துடைக்க வந்தோர் பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகளையே வழங்கினர். கட்டுமரத்தின் இறங்குமுகம் அதன் பின்னர் விரைவாயிற்று.

இம்மாற்றத்தால் மீனவர்க்குக் கிட்டிய நன்மையை மறுக்கலாகாது. துடுப்புப் போட்டுத் தோள் வற்றியவர்க்குப் பொறி பெரிய ஆறுதல். தொலைவு செல்ல முடிந்தது. காற்று எதிர்த்தாலும் திரும்ப முடிந்தது. பாட்டுக்காக மனிதன் தோள் நோவச் சுமக்க வேண்டும் என்று சொல்வது அறிவும் அன்று, அறமும் அன்று. கரையில் நின்று கேட்டவர்க்கு அம்பா இனித்திருக்கலாம். இழுத்தவர்க்கு அது வலியை மறக்கும் மருந்து.

ஆயினும் விளைவை விளைவாகச் சொல்ல வேண்டும். பொறியின் இரைச்சலில் பாடுவோன் குரல் பக்கத்தில் இருப்பவனுக்கும் எட்டாது. துடுப்புப் போடுவதற்கு வேண்டிய ஒத்த தாளம், பொறி இயங்கும்போது வேண்டுவதில்லை. படகைத் தள்ளும் நேரத்திலும், எப்போதோ கரைவலை இழுக்கும் நேரத்திலும் மட்டும் அம்பாவின் சில ஒலிகள் எஞ்சின. அவ்வாறு எஞ்சியவற்றில் ஐலசா இருக்கும். அதற்கு முன்னே வரும் அடிகள் இரா. மறந்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. பயன்படாத கருவியை எவரும் நாள்தோறும் தீட்டி வைப்பதில்லை.

முத்துக்குளித்தோர் காத்த முறை

தொழில் மறைந்தால் பாட்டும் மறைந்தே தீருமா? இதற்குப் பாரசீக வளைகுடா வேறொரு விடை தருகின்றது. பஹ்ரைன், குவைத் முதலிய நாடுகளின் ஆடவர் பல நூறாண்டுகளாகக் கோடைக் காலத்தில் கப்பலேறி முத்துக்குளிக்கச் சென்றனர். ஒவ்வொரு பெரிய கப்பலிலும் ‘நஹ்ஹாம்’ என்னும் பாடகர் ஒருவர் இருப்பார். பாய் ஏற்றவும், நங்கூரம் தூக்கவும், துடுப்புப் போடவும் அவர் பாட்டே கட்டளை. மாலுமிகள் அடித்தொண்டையிலிருந்து எழும் ஆழ்ந்த முழக்கத்தால் அவருக்கு விடை கொடுப்பர். நம் அம்பாவுக்கும் அதற்கும் உள்ள உறவு வெளிப்படை.

1930களில் அத்தொழில் வீழ்ந்தது. ஜப்பானியர் வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தனர்; உலகப் பொருளாதார நெருக்கடி முத்தின் விலையைத் தாழ்த்தியது; 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. முத்துக்குளித்தோரின் மக்கள் எண்ணெய் வயலுக்கு வேலைக்குச் சென்றனர். ஆனால் ‘ஃபிஜ்ரி’ எனப்படும் அக்கடற்பாட்டு அழியவில்லை. முஹர்ரக் முதலிய ஊர்களில் ‘தார்’ என்னும் கூடுமிடங்கள் இருந்தன. பருவம் முடிந்து கரை திரும்பிய மாலுமிகள் இரவில் அங்கே கூடிக் கைதட்டியும், சிறு முழவுகளை இசைத்தும், மட்குடத்தைத் தட்டியும் பாடும் வழக்கம் முன்னரே இருந்தது. கடலில் வேலை போன பின்னும் கரையில் வீடு இருந்தது. அதனால் பாட்டு பிழைத்தது. 2021இல் யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

ஃபிஜ்ரியும் மாறாமல் இல்லை. வேலைக்காகப் பாடியது இப்போது நினைவுக்காகப் பாடப்படுகின்றது. கடலில் பாடியது மேடையிலும் பாடப்படுகின்றது. எனினும் பாடுவோர் அம்மாலுமிகளின் வழிவந்தோர். பாடும் இடம் அவர்தம் இடம். தமிழகத்தின் முத்துக்குளித்துறைகளில், தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும், மூச்சடக்கி மூழ்கியோர் வழிவழியாக வாழ்ந்தனர். அவர்தம் பாட்டுக்கு அத்தகைய வீடு வாய்க்கவில்லை. இவ்வேற்றுமையை நாம் மனத்திற் பதித்துக் கொள்ள வேண்டும்: தொழில் போனாலும் கூடும் இடமும் கூட ஒரு காரணமும் இருந்தால் பாட்டு வாழும்.

இசைத்தட்டும் வானொலியும் படமும்

படகும் பொறியும் தொழிலை மாற்றிய அதே காலத்தில், பாட்டைக் கேட்கும் முறையும் மாறிக்கொண்டிருந்தது. முற்காலத்தில் பாடுவோரும் கேட்போரும் ஒரே மணலில் நின்றனர். இசைத்தட்டு வந்தபோது குரல் உடலை விட்டுப் பிரிந்தது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடமே பதியலாம். வலை வரும் வரை நீண்ட பாட்டு 3 நிமிடத்துக்குள் ஒடுங்க வேண்டுமானால் அதற்குப் பல்லவியும் சரணமும் முடிவும் வேண்டும். இவ்வாறு அளவு மாறியபோதே இயல்பும் மாறியது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்க நாட்டில் மலைப்பகுதி மக்களின் பாட்டை 1927இல் பிரிஸ்டல் என்னும் ஊரில் ரால்ஃப் பியர் என்பார் இசைத்தட்டில் பதிந்தார். கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அவ்வாறு புகழ் பெற்றனர். அவர்தம் இசையில் ஒலித்த பாஞ்சோ என்னும் நரம்புக் கருவி, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் வழியே அந்நாடு சேர்ந்தது. 1950களின் பிற்பகுதியில் நாஷ்வில் நகரத்து இசையமைப்பாளர் பழைய பிடிலைப் பின்னுக்குத் தள்ளி, நகரத்தார் விரும்பும் வயலின் கூட்டத்தையும் குழுப்பாடலையும் சேர்த்தனர். பழைய ஓசை போயிற்றே என்று அங்கும் ஒரு தலைமுறை வருந்தியது. அவர்கள் பழையது என்று போற்றியதோ இசைத்தட்டின் 3 நிமிடத்தில் அமைந்த வடிவம்! ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் கேட்டதையே ஆதி ஓசை என்று கொள்கின்றது.

தமிழ்நாட்டில் 1938இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கிற்று. கிராமிய இசைக்கு அது இடம் தந்தது. திரைப்படமோ மீனவரையே கதைத் தலைவர் ஆக்கியது. 1964இல் வெளிவந்த ‘படகோட்டி’யின் பாடல்களை, வாலி எழுத விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்தனர். கடலோரத்துத் துயரம் நாடெங்கும் சென்றது. குப்பங்களும் அவற்றைத் தம் பாட்டாகவே ஏற்றன. ஆனால் அங்கே துடுப்பின் தாளத்தை இசைக்குழு ஏற்றது. முன்பாட்டும் பின்பாட்டுமாய் இருந்தது ஒருவர் குரலாயிற்று. பலர் பாடிய பாட்டு ஒருவர் பாடப் பலர் கேட்கும் பாட்டானதே இருபதாம் நூற்றாண்டு செய்த பெரிய மாற்றம். கருவிகளின் மாற்றம் அதற்கு அடுத்ததே.

தொகுத்தோரின் பணியையும் இங்கே குறிக்க வேண்டும். 1871இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1964இல் நா. வானமாமலை ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ என்னும் தொகுப்பைத் தந்தார். இத்தகையோர் உழைப்பு இன்றேல் சொற்களும் நமக்குக் கிட்டா. எனினும் அச்சு சொல்லை ஏற்கும். மெட்டையும் மூச்சையும் ஏற்காது. ஏட்டில் உள்ள அம்பாவைப் படிப்பவர் கவிதையைக் காண்பார். அதன் ஓசையைக் கேளார்.

கானா என்னும் நகரத்துப் பாட்டு

அம்பா தளர்ந்த அதே பட்டினத்தில் வேறொரு பாட்டு தழைத்தது. அதுவே கானா. சென்னையின் வடபகுதியில், துறைமுகத்தையும் ஆலைகளையும் சார்ந்த உழைப்பாளர் தெருக்களில் அது செழித்தது. கானம் என்னும் சொல்லோடும், இந்துஸ்தானியில் பாட்டைக் குறிக்கும் சொல்லோடும் அதன் பெயர் ஒலியால் ஒத்திருக்கின்றது. பல மொழியினர் கலந்து வாழ்ந்த பட்டினத்துப் பாட்டுக்கு இப்பெயர் பொருத்தமே.

கானாவுக்கும் நம் இலக்கியத்துக்கும் உள்ள தொடர்பு ஆராயத்தக்கது. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், குணங்குடி மஸ்தான் சாகிபு என்று போற்றப்பட்டவர். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடசென்னையில் தங்கித் தவம் இயற்றி அங்கேயே அடங்கினார். தொண்டியார் வாழ்ந்த பேட்டையே தண்டையார்பேட்டை ஆயிற்று என்பர். அவரது எளிய சந்தமும், உலக வாழ்வின் நிலையாமையைத் தெருவின் மொழியில் உரைக்கும் துணிவும் சித்தர் பாடல்களோடு ஒப்ப எண்ணத்தக்கவை. தாயிராவைத் தட்டித் தெருத்தெருவாகப் பாடிச் சென்ற பக்கீர்மார்களின் ஓசையும் அத்தெருக்களுக்குப் புதிதன்று. நிலையாமையைப் பாடும் கானாவைக் கேட்கும்போது இவ்வோசைகள் எல்லாம் நம் செவியில் ஒருங்கே எழுகின்றன.

கானாவின் தனி இடம் சாவு வீடு. இறந்தவரை வைத்திருக்கும் இரவிலும், கரும காரிய நாளிலும் பாடகர் வந்து பாடுவார். இறந்தவர் வாழ்க்கையை அவர் பெயர் சொல்லிப் பாடுவார், சுற்றத்தாரை அழைப்பார், அழுகையினூடே நகையும் வரும். தொடக்கத்தில் கைத்தட்டும், மேசையும், தகரமும், குடமும் போதியவாய் இருந்தன. பின்னர் டோலக்கும் புல்புல்தாராவும் சேர்ந்தன. அதன் பின் மின்விசைப் பலகையும் ஒலிபெருக்கியும் வந்தன. 1990களில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் திரைக்குக் கொண்டு சென்றார். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் தாமே பாடியது நாடெங்கும் ஒலித்தது. 2018 ஜனவரியில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு, கிதாரையும் மேலைநாட்டு முழவையும் பறையோடும் சட்டியோடும் சேர்த்து மேடையேறிச் சாதிக் கொடுமையைப் பாடியது.

திரையில் கானா பெரிதும் ஆட்டத்துக்கும் கேளிக்கைக்கும் உரியதாயிற்று. சாவின் கனம் குறைந்தது. பெண்களை இழிவுபடுத்தும் சொற்களும் அதில் புகுந்தன. இவற்றைக் கண்டிப்பது முறையே. ஆயினும் ஓர் உண்மை எஞ்சி நிற்கின்றது. அம்பாவைவிடக் கானா எவ்வளவோ மிகுதியாக மாறியது. இருந்தும் அம்பா மெலிந்தது, கானா வாழ்கின்றது. காரணம் யாது? அம்பாவை வேண்டிய வேலை போயிற்று. கானாவை வேண்டும் சாவு போகவில்லை. தெருவில் ஒருவர் இறந்தால் இன்றும் அவரைப் பெயர் சொல்லிப் பாட ஒருவர் வேண்டும். எனவே, பாட்டைக் காப்பது பழைய ஓசையின் மாறாமை அன்று. மக்கள் வாழ்வில் அதற்கு உள்ள தேவையே ஆகும்.

குப்பத்துக்கு வந்த மேடை

மீண்டும் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு வருவோம். இக்கரைக்கு அண்மையில்தான் இந்நாட்டுக் கலை வரலாற்றின் ஒரு பெரிய திருப்பம் நிகழ்ந்தது. 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்தில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. தேவதாசியரின் சதிர் பரதநாட்டியமாகப் புதிய அவையை அடைந்தது. 1928இல் தோன்றிய சென்னை சங்கீத வித்வத் சபையும், அதனைப் பின்பற்றிய சபாக்களும் மார்கழி மாத இசை விழாவை வளர்த்தன. அவ்விழாவின் புகழ் கடல் கடந்தது. அதே பட்டினத்தின் கடலோரக் குப்பத்துக்கு அதில் இடம் இருந்ததில்லை.

2015இல் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும், சூழலியல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமனும், குப்பத்து மக்களும் பிறரும் கூடி ஊரூர் ஒல்காட் குப்பத்திலேயே ஒரு விழா எடுத்தனர். கருநாடக இசையும் பரதநாட்டியமும் அங்கே சென்றன. பறையாட்டமும் வில்லுப்பாட்டும் அவற்றுக்கு இணையாக அதே மேடையில் நிகழ்ந்தன. பின்வந்த ஆண்டுகளிலும் விழா தொடர்ந்தது. சபாவின் கதவைத் தாண்டாதவர் இசை கேட்டனர். குப்பத்தின் மணலை மிதியாதவர் குப்பத்துக்கு வந்தனர். 2017இல் கபேர் வாசுகி எழுதிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வந்தது. சென்னைப் பேச்சுத் தமிழில், செவ்விய இராகங்களில் கிருஷ்ணா அதனைப் பாடினார். எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவே அதன் பொருள்.

இம்முயற்சியின் நோக்கம் உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. அது திறந்த கதவு மீண்டும் மூடாதிருக்க வேண்டும். எனினும் கானல்வரியைப் பற்றி முன்னர் எழுப்பிய வினாவை இங்கும் எழுப்புதல் கடமை. பேச்சுத் தமிழ் இராகத்துக்கு ஏறியது, நன்று. அதே வேளையில் கரையின் சொந்த மெட்டு எங்கே நிற்கின்றது? செவ்விசை குப்பத்துக்கு வருதல் ஒரு பாதி. குப்பத்துப் பாட்டு தன் குரலிலேயே, தன் தாளத்திலேயே, பிறரால் திருத்தப்படாமல் பட்டினத்தாரின் அவைக்குச் செல்லுதல் மறுபாதி. முதற்பாதி நிகழ்ந்தது. மறுபாதிக்குக் காலம் மிக இல்லை. ஏனெனில் துடுப்புப் போட்டுப் பாடியவர்கள் முதியோர் ஆகிவிட்டனர்.

நம் கடமை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, நாட்டுப் பாடலின் ஓசை என்றும் மாறிக்கொண்டே வந்தது. மாறுதல் தன்னளவில் பழியன்று. இரண்டு, தொழிலோ சடங்கோ கூடுமிடமோ ஏதேனும் ஒன்று எஞ்சினால் பாட்டு புதிய கருவியை ஏற்று வாழும். மூன்றும் போனால் நூலகத்தில் மட்டுமே தங்கும். மூன்று, பாட்டு யாருடையது என்பதே ஓசை எத்தகையது என்பதைவிடப் பெரிய வினா. மீனவர் பாட்டைப் பிறர் பாடிப் பெயரும் பொருளும் பெற, மீனவர் கேட்போராக மட்டும் நிற்பின், கருவிகள் எல்லாம் பழையனவாக இருந்தும் மரபு முறிந்ததேயாகும்.

செய்ய வேண்டுவன பெரிய செயல்கள் அல்ல. கையடக்கமான பேசியிலேயே ஒலியும் படமும் பதியும் காலம் இது. கடற்கரை ஊர் ஒவ்வொன்றிலும் அம்பா அறிந்த முதியோரிடம் சென்று, சொல்லோடு மெட்டையும், மெட்டோடு வேலையின் அசைவையும் பதிந்து வைக்கலாம். பாடியவர் பெயரையும் ஊரையும் அவர் ஒப்புதலோடு குறித்தல் வேண்டும்; அப்பதிவின் படி அவ்வூர்க்கே முதலில் உரியது. பள்ளிப் பிள்ளைகள் தம் பாட்டனாரிடம் கேட்டுக் கற்கும்படி ஆசிரியர்கள் தூண்டலாம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் வாழும் நம்மவர் தம் வீட்டு மூதாட்டியரின் தாலாட்டையும் மணப்பாட்டையும் இவ்வாறே காத்தல் நலம். பிறர் பாட்டைப் பற்றிப் பேசுவோர் தம் வீட்டுப் பாட்டை மறத்தல் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. பஹ்ரைன் மாலுமிகளின் பாட்டு பிழைத்தது, அவர்க்குக் கரையில் வீடு இருந்தமையால். சென்னையின் கடற்கரை விலை மிகுந்த நிலமாகிவிட்டது. சாலை என்றும் அழகு என்றும் பெயர் சொல்லி அக்கரையில் திட்டங்கள் எழுந்த வண்ணம் உள்ளன. அவற்றுள் எதனையும் எடைபோடும்போது, படகு ஏற்றவும் வலை காய வைக்கவும் மாலையில் மக்கள் கூடி அமரவும் குப்பத்தார்க்கு மணல் எஞ்சுமா என்று கேட்க வேண்டும். மணல் எஞ்சினால் அதில் ஏதேனும் ஒரு பாட்டு எழும். அது நாம் அறிந்த ஓசையில் இல்லாமற் போகலாம். மணலே இல்லையாயின், நாம் பதிந்து வைத்த ஓசை எவ்வளவு தூயதாயினும், அதற்கு விடை கொடுக்கும் பின்குரல் இராது.